கஸ்தூரியின் கேசும் பதினெட்டுக் குடமும்

குழு நடத்துகிற பொண்ணுங்களுக்கு,

போன வாரம் ஆள் விட்டுக் கேட்டீர்கள். குழுவில் ஒருத்தி ஆஸ்பத்திரி மேலே கேசு போடக் கடன் கேட்கிறாள், கொடுக்கலாமா வேண்டாமா, அம்மா என்ன சொல்கிறார்கள் என்று. வாயால் சொல்லி அனுப்பினால் வழியிலேயே பாதி உதிர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேலேதான். மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

உங்களிடம் பேங்க் பாஸ்புக்கு இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது, ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டும் என் வாயும். அந்த வாயை நம்பி மேனாம்பேட்டிலும் சுற்றுவட்டத்திலும் பத்தொன்பது பேர் மாசா மாசம் இருநூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருபதாவது ஆள் நான். இருபத்திரண்டு வருஷம் சீட்டு நடத்தினேன். ஒரு மாசம்கூட ஏலம் தள்ளிப்போனதில்லை, ஒருத்தர் காசும் ஓடிப்போனதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே.

உங்களில் சின்னவர்களுக்கு ஏலச்சீட்டு தெரியாது. சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே புரியாது. இருபது பேர் ஆளுக்கு இருநூறு போட்டால் நாலாயிரம். மாசத்தில் முதல் ஞாயிறு மூணு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் ஏலம். காசு அவசரமாக வேண்டியவள் "நூறு தள்ளு" என்பாள். இன்னொருத்தி "இருநூறு தள்ளு" என்பாள். யார் அதிகம் தள்ளுகிறாளோ அவளுக்குச் சீட்டு. அவள் தள்ளின காசை இருபது பேரும் பங்கு பிரித்துக்கொள்வோம். எங்கள் சீட்டில் எண்ணூறு வரைக்கும் தள்ளு போகும். ஆளுக்கு நாற்பது ரூபாய் கிடைக்கும். நடத்துகிறவளுக்குக் கூலி என்று தனியாகக் கிடையாது. இரண்டாவது மாசச் சீட்டை ஏலம் இல்லாமல் முழுசாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்துச் சீட்டு என்போம். ஒருத்தி வீட்டில் சாவு, குடிசை எரிந்துபோச்சு, பிரசவத்தில் சிக்கல் என்றால் அந்த மாசம் மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். யாரும் ஏலம் கேட்க மாட்டார்கள். அவள் தள்ளே இல்லாமல் நாலாயிரத்தையும் எடுத்துக்கொண்டு போவாள். மாசத் தவணையை எப்போதும்போலக் கட்டி வருவாள். பதிலுக்கு அவளிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. அடுத்த மாசம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் யாரும் மீறினதில்லை. முதல்முதலில் மீறினவள் நான்.

அதற்கு முன்னால் இன்னொரு விஷயம். டாக்டர் மேலேயும் நுகர்வோர் கோர்ட்டில் கேசு போடலாம் என்று பெரிய கோர்ட்டு சொன்ன புதிசு. கட்டணம் கிடையாது, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். எனக்குப் புத்தி சொன்னவர் பூந்தமல்லி கோர்ட்டில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. பேர் போட மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. குமணன்சாவடியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவர். அவரோடு பேச வேண்டுமென்றால் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற நேரத்தில்தான் பேச முடியும்.

"கோர்ட்டு இலவசம்தாம்மா. அங்க போய்ச் சேர்றதுதான் செலவு" என்றார். வக்கீலுக்குக் கொடுக்கணும். காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்கணும். இன்னொரு டாக்டரிடம் ‘இது தப்பு’ என்று எழுதி வாங்கணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் சார்ஜு, அன்றைய கூலியும் போச்சு.

பழைய நாளில் சிவில் கோர்ட்டில் கேசு போட்ட ஒருத்தரைப் பற்றியும் சொன்னார். சேக்காட்டுக்காரர், ஆவடித் தொழிற்சாலையில் வேலை. பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். சொசைட்டி லோன் எடுத்து கோர்ட்டுக் கட்டணம் கட்டினார். அது தீர்ந்ததும் செத்துப்போனவளின் சங்கிலியை அடகு வைத்தார். அதுவும் தீர்ந்ததும் வட்டிக்காரனிடம் போனார். ஆறு வருஷம் கழித்து ஜெயித்தார். அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே வட்டிக்காரன் வந்து கோர்ட்டு வாசலில் நின்றானாம்.

"கேசுல போடற காசு, திரும்பி வரலன்னாலும் தூங்க உடற காசா இருக்கணும் சீட்டுக்காரம்மா."

"காசே வேணாம், வர்றதுல பாதி குடுங்கன்னு சில வக்கீல் சொல்றாங்களே?"

"சட்டத்துல அதுக்கு எடமில்ல. மீறிக் கேக்கறவனுக்கு ஒங்க கேசு சீக்கிரம் முடியணும், அவ்ளோதான். அடுத்தவன் காசு உள்ள வந்துட்டா கேசு அவன் சொல்றபடி நடக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். ஆனால் வக்கீல்களைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரி என் சீட்டில் பதினோராவது ஆள். எட்டாவது வரைக்கும் படித்தவள். அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் கார் கதவுக்கு ரப்பர் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. ரப்பரை விரலால் ஒரு இழுப்பு தடவினால் போதும், பிசிறு எங்கே, குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். புருஷன் பெயின்டர். வேலை கிடைக்கிற ஊருக்குப் போய்விடுவான். ஒரு பெண் குழந்தை, ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒருநாள் காய்ச்சல். மெயின் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனாள். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார், கம்பவுண்டர் கையில் ஊசி போட்டான். போட்ட நிமிஷமே கை நெருப்பாய் எரிகிறது என்று கத்தியிருக்கிறாள். ஐஸ் வை, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விரல் நீலமாச்சு. போய்க் காட்டினாள். மறுபடியும் ஐஸ். மூணாம் நாள் கறுத்துப்போச்சு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வலது கையில் மூணு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஊசி இறங்கக் கூடாத ரத்தக் குழாயில் இறங்கியிருக்கிறது என்று அங்கே ஒரு சின்ன டாக்டர் வாய்தவறிச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றதும் காணாமல் போய்விட்டார்.

கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். விரல் இல்லாத கையால் எதைத் தடவிப் பார்ப்பாள்? நர்சிங் ஹோமில் போய்க் கேட்டால், "நீ இங்க ஊசியே போடல, வேற எங்கயோ போட்டுகினு வந்து எங்க மேல சொல்றே" என்றார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நல்ல வேளை, காசு கட்டின பில்லை வைத்திருந்தாள். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "இது இருக்கா? அப்ப கேசு நிக்கும்" என்றார். ஆரம்பிக்க எல்லாம் சேர்த்து நாலாயிரம் ஆகும் என்று கணக்குச் சொன்னார்.

நாலாயிரம் என்றதும் என் மனசு சீட்டுக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வரவில்லை, கையில் வலி. அவளுக்குப் பதிலாக நான்தான் பேசினேன். "இந்த மாசம் ஆபத்துச் சீட்டு. கஸ்தூரிக்கு" என்றேன்.

எனக்கு வலப்பக்கம் எப்போதும் மரகதம் உட்காருவாள். தெருமுனையில் இட்லிக் கடை. வாய் பெரிசு, கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. "இன்னாத்துக்கு? ஆஸ்பத்திரி செலவுக்கா? அது கெவுருமெண்ட்டு ஆஸ்பத்திரி ஆச்சே, துட்டே இல்லியே" என்றாள்.

"செலவுக்கு இல்ல. கேசு போட."

"கேசுக்கா? அய்ய, இன்னாக்கா நீ! சாவுக்கு வாய மூடிக்கலாம், நெருப்புக்கு மூடிக்கலாம். கேசுன்னா துட்டு வர்ற சமாச்சாரம் இல்ல? அவ நாளைக்கு லட்சமா எண்ணுவா. நாம வாய மூடிகினு குந்திகினு இருக்கணுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. கேசு என்பது எங்கள் வழக்கத்தில் இல்லாத ஆபத்து. நான் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? இது வழக்கமா இல்லையா என்று பேசுங்கள், முடிவு சொல்லுங்கள் என்று விட்டிருக்க வேண்டும். ஆனால் என் சீட்டில் என் பேச்சுக்கு ஒருத்தி சிரிப்பதா என்று எனக்கு ரோஷம்.

"ஜெயிச்சா சும்மா வுட்டுடுவாளா அவ? ஒங்களுக்கு செய்ய வேண்டிய மருவாதிய செய்வா. நான் பொறுப்பு" என்றேன்.

அவ்வளவுதான். கூடம் அடங்கிப்போச்சு. ஏலத்தட்டை நடுவில் வைத்தேன். நூறு தள்ளு என்று சொல்ல ஒருத்தி வாய் திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாலாயிரத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டுபோய் கஸ்தூரி கையில் கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் ஓடிப்போச்சு. அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரல் போய், எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து செங்கல்பட்டு. அப்போது நம் பக்கத்துக்கெல்லாம் கோர்ட்டு அங்கேதான். வாய்தா, வாய்தா, இன்னொரு வாய்தா. கஸ்தூரி இடது கையால் பேப்பர் கவர் ஒட்டிச் சம்பாதித்தாள். சீட்டுத் தவணை மட்டும் ஒரு மாசமும் தவறவில்லை.

அப்போதுதான் நர்சிங் ஹோம் பக்கத்திலிருந்து ஒருத்தர் கிளம்பினார். மனை வாங்கி விற்பது தொழில், நடுவில் சண்டை தீர்த்து வைப்பதும் தொழில். அவர் கஸ்தூரி வீட்டுக்குப் போகவே இல்லை. யார் சொன்னார்களோ, சீட்டு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய், "இன்னா தங்கச்சி, ஒங்க துட்டு கேசுல மாட்டிகினு கீதாமே" என்று ஆரம்பித்திருக்கிறார். கஸ்தூரிக்கு இருபதாயிரம். அவள் கேசை வாபஸ் வாங்கினால் சீட்டில் இருக்கிற மற்ற பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் குடம்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். எனக்குக் குடம் இல்லையாம், அண்டாவாம். நடத்துகிறவள் இல்லையா! விரட்டியிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம எல்லாரையும் வெச்சி பேசிக்கலாம்" என்றேன். எல்லாரையும் வைத்துப் பேசுவதற்கு அது எல்லாருடைய கையா? அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு மூணு மணி. எப்போதும் ஏலத்தட்டு வைக்கிற இடத்தில் அன்றைக்கு ஒரு குடம் இருந்தது. மாதிரிக்கு என்று மரகதத்திடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கழுத்தில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒருத்தி விரலால் சுண்டிப் பார்த்தாள். ஒருத்தி தூக்கிப் பார்த்து "கனமா கீது" என்றாள். கஸ்தூரி கடைசியாக வந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். குடத்தைப் பார்த்தாள். யாருக்கோ சீர் என்று நினைத்திருப்பாள்.

மரகதம்தான் பேச்சை எடுத்தாள். "கஸ்தூரி, தப்பா நெனைக்காத. இருவதாயிரம் தராங்களாம். கேசு இன்னும் எத்தினி வருசம் இயுக்குமோ. அந்தாளு குடுத்த பேப்பர்ல ரேகை வெச்சா போதும்னாரு, வாங்கிகினு பொயப்ப பாரு. ஒன் ஊட்டுக்காரனும் சரின்னுதான் சொல்றானாம். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கொடம் வரும்."

"ஒங்களுக்கு ஏன் கொடம்?" என்று கேட்டாள் கஸ்தூரி.

 மரகதம் என்னைப் பார்த்தாள். "அக்கா ஒன்கிட்ட சொல்லலியா? நீ ஜெயிச்சா எங்களுக்கு மருவாதி செய்வன்னு அக்கா பொறுப்பெடுத்துகினாங்க. அதனாலதான அன்னிக்கு எல்லாரும் வாய மூடினோம்."

கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். "மெய்யாலுமாக்கா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப என் கைக்கு ஏலம் போன வருசமே முடிஞ்சிபோச்சா. நான்தான் தெரியாம செங்கல்பட்டுக்கு அலைஞ்சிகினு இருந்தேன்" என்றாள். அப்புறம் முந்தானையை அவிழ்த்தாள். "சரி, எங்க அந்தப் பேப்பரு? ரேகை வெச்சா போதும்னாராமே. குடுங்க. கொடத்த வாங்கிக்கங்க எல்லாரும்."

எட்டாவது படித்தவள் கட்டைவிரலை நீட்டினாள்.

பொண்ணுங்களா, இந்தத் தொழிலில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். இருபது பேர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சத்தம் போடலாம். ‘நாற்பது ரூபாய்க்கு அவள் கையில் உனக்கு எந்த விரல் பாத்தியம்’ என்று மரகதத்தைக் கேட்கலாம். அந்தக் கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் எல்லாரும் என்னைப் புகழ்ந்திருப்பார்கள், பழி மரகதத்தின் மேல் போயிருக்கும். ஆனால் அந்தப் பழி என்னுடையது. அவள் என் வாக்கை நம்பினவள். விழுங்கிவிட்டேன்.

"மரகதம், கஸ்தூரி எடுத்த நாலாயிரத்துக்கு அவ தவண கட்றாளா இல்லியா?"

"கட்றா. ஒயுங்காத்தான் கட்றா."

"அப்ப அந்த நாலாயிரம் யாருது?"

"அவுளுதுதான்."

"அப்ப நீ வுட்டுக் குடுத்தது எவ்ளோ?"

கணக்குக்காரி இல்லையா, ஒரு கணத்தில் சொல்லிவிட்டாள். "அந்த மாசத் தள்ளுல வர வேண்டிய நாப்பது ரூபா."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திகைத்தாள். மற்றவர்களும்தான். ஒரு வருஷமாக மனசுக்குள் அது எவ்வளவு பெரிசாக வளர்ந்திருந்ததோ.

நான் எழுந்து நின்றேன். "நான் சொன்னது தப்பு. கஸ்தூரிய கேக்காம அவ பேர்ல வாக்கு குடுத்துட்டேன். அந்த நாப்பது ரூபாய நான் குடுக்கறேன். இனி அவ கேசுல யாருக்கும் பேச்சு இல்ல, எனக்கும் இல்ல" என்றேன். என் சீட்டுக்காரர்கள் முன்னால் நான் தப்பு என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.  

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வாங்க வைத்திருந்த காசு. பதினெட்டுப் பேர், ஆளுக்கு நாற்பது, எழுநூற்று இருபது. வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். மரகதம் வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளைக் குறைவாக நினைக்காதீர்கள். கடன் என்று நினைத்துக் கொடுத்தவள் திரும்பி வந்ததும் வாங்கிக்கொண்டாள். அதோடு அவள் மனசும் கஸ்தூரி கையை விட்டுவிட்டது. அதுதான் நேர்மை.

பேச்சியம்மாள் மட்டும் கையை நீட்டவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருஷன் ஆவடித் தொழிற்சாலையில் இருந்தார், குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவாள். "எனக்கு எதுக்குக்கா? நான் சும்மால்லா குடுத்தேன். சும்மா குடுத்ததத் திருப்பி வாங்கினா எங்க ஊர்ல சிரிப்பாவ" என்றாள். வற்புறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மற்றவர்கள் குடத்தைச் சுண்டிப் பார்த்தபோதும் அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன், என் கையை விட்டுப் போனது அறுநூற்று எண்பது. கடனாகக் கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நான் உண்டாக்கினேன் பாருங்கள், அதுதான் விஷம்.

குடத்தை மரகதமே எடுத்துக்கொண்டு போனாள். "நானே போய் அந்தாளு மூஞ்சில வெச்சிட்டு வரேன். கொடமும் ஒண்ணும் சொகமில்லக்கா, கய்த்து சின்னது, கை உள்ள போவாது. எப்டி தேய்க்கறது?" என்றாள். கூடம் சிரித்தது. கஸ்தூரி சிரிக்கவில்லை. எழுந்து, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. நானும் போகவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனி அவளுக்குத் தடை இல்லை, கடைசி வரைக்கும் நடத்துவாள், அந்த நர்சிங் ஹோம்காரன் கோர்ட்டில் தலைகுனிந்து நிற்பான், நானும் போய்ப் பார்ப்பேன் என்று.

ஒருநாள் காலையில் வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உட்காராமலே சொன்னாள்.

"அக்கா, நான் சமாதானமா போயிடலாம்னு கீறேன்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "இன்னாடி சொல்றே? இதுக்காடி நான் அறுநூத்தி எம்பது ரூபா குடுத்தேன்?"

அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். ‘ஒங்களுக்கு ஏன் கொடம்’ என்று கேட்டபோது இருந்த அதே முகம். அப்போதுதான் என் காதில் நான் பேசினது விழுந்தது. மரகதம் நாற்பது ரூபாய்க்குக் குடம் கேட்டாள். நான் அறுநூற்று எண்பதுக்கு ஒரு டாக்டரின் தலைகுனிவைக் கேட்கிறேன். ‘எனக்கும் பேச்சு இல்லை’ என்று எழுந்து நின்று சொன்னவள் நான்தான். அடுத்தவள் காசு உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று குமாஸ்தா சொன்னது வக்கீலுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான்.

"குந்து" என்றேன். "சொல்லு."

சொன்னாள். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க வரவில்லை, பதினோரு பேரிடம் ஏறி இறங்கியாச்சு. இன்னும் மூணு வருஷமாவது ஆகும் என்கிறார் வக்கீல். மூணு வருஷம் அலைய அவளால் முடியும், ஆனால் அத்தனை நாள் அந்த ஊசியையே நினைத்துக்கொண்டு எழுந்து, அதையே நினைத்துக்கொண்டு படுக்க முடியாது. "பாப்பா என் கைய புடிச்சிகினு நடக்க மாட்டேங்குதுக்கா, வலிக்கும்னு பயப்படுது. இல்லடி, ஆறிப்போச்சுன்னு அதுகிட்ட சொல்லணும். கேசு நடக்கற வரைக்கும் எனக்கே ஆறாது."

ஆனால் சமாதானம் அந்த மனைக்காரர் கொண்டுவந்த காகிதத்தில் இல்லை. பேச்செல்லாம் வக்கீல் மூலமாக. டாக்டரே செங்கல்பட்டுக்கு வர வேண்டும். அந்த ஊசி தங்கள் நர்சிங் ஹோமில் போட்டதுதான் என்று எழுதி, கோர்ட்டில் பதிய வேண்டும். தொகையை அவள் சொல்வாள். ரேகை வைக்க மாட்டாள். அந்த இரண்டு வாரமும் பாப்பாவின் நோட்டில் இடது கையால் தன் பேரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாளாம். "அவங்க இதுக்கு ஒத்துக்கலன்னா கேசு நடக்கட்டும். ஒத்துக்கினா நான் போறேன்."

எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவள் முடிவு. அன்றைக்கு வாயை மூடிக்கொள்வது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தப் பொண்ணுக்குக் கடன் கொடுங்கள். தவணை கட்டுவாளா என்று மட்டும் பாருங்கள், கேசு ஜெயிக்குமா என்று பார்க்காதீர்கள். உங்கள் நோட்டில் ‘கேசுக்கு’ என்று எழுதாதீர்கள், ‘கடன்’ என்று மட்டும் எழுதுங்கள். ஜெயித்தால் குழுவுக்கு என்ன செய்வாய் என்று விளையாட்டுக்குக்கூட யாரும் கேட்கக் கூடாது. கேசை எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்று நீங்கள் புத்தி சொல்லாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். உள்ளுக்குள் கசக்கும். கசக்கட்டும்.

இரண்டு மாசம் இழுத்தார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். அந்த நாளில் கஸ்தூரியோடு நானும் செங்கல்பட்டுக்குப் போனேன். துணைக்கு வா என்று அவள்தான் கூப்பிட்டாள். கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு டாக்டர் காரிலிருந்து இறங்கினார். நான் ராட்சசன் மாதிரி நினைத்துவைத்திருந்தேன். வழுக்கை விழுந்த, சட்டை நனைந்த ஒரு ஆள். எங்கள் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

பேர் கூப்பிட்டார்கள். நானும் கூடவே எழுந்தேன்.

"நீ இங்கியே குந்துக்கா" என்றாள் கஸ்தூரி. "நான் போயிட்டு வரேன்."

உட்கார்ந்தேன். என் சீட்டில் யாருக்கு எவ்வளவு கடன், யார் நகை எந்தக் கடையில், யார் புருஷன் எவ்வளவு குடிக்கிறான் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது ஒன்றும் தெரியாது. முக்கால் மணி நேரம் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தாள். இடது கை விரலெல்லாம் மை. குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். எவ்வளவு என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் எல்லாரிடமும் முதலில் கேட்கிற வார்த்தை அதுதான்.

"பசிக்குதாடி?" என்று கேட்டேன்.

"பசிக்குதுக்கா" என்றாள்.

சாப்பிடப் போனோம். எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.